நடைபாதைக்கு பேவர் பிளாக்கா, கான்கிரீட்டா?

எங்கள் குடியிருப்பு கோவைக்குக் கிழக்கே, சூலூர் பக்கம், கரிசல் மண்ணில் இருக்கிறது. உள்தெருக்கள் இன்னும் சங்கத்தின் பொறுப்பில்தான். நடைபாதை போடுவது என்று பொதுக்குழுவில் முடிவானதும், எதைக் கொண்டு போடுவது என்ற பேச்சு வந்தது. பேவர் பிளாக் (மணல்மேல் வரிசையாகப் பதிக்கும் சிமெண்ட் கட்டி), கான்கிரீட், கல் பலகை என்று மூன்றுக்கும் விலை வாங்கினோம். கடைசியில் பேவர் பிளாக்கை எடுத்தோம். இன்னொரு தெருவுக்குப் போடச் சொன்னாலும் அதையேதான் எடுப்பேன், இரண்டு இடங்கள் தவிர. அந்த இரண்டையும் பிறகு சொல்கிறேன்.

எதில் போட்டாலும் மாறாத சில விஷயங்கள் உண்டு. சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பின் பாதசாரிகளுக்கான வழிகாட்டி, குடியிருப்புத் தெருவில்கூட தடையில்லாமல் நடக்க 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்கிறது. எதிரெதிரே இரண்டு சக்கர நாற்காலிகள் வந்தாலும் ஒதுங்கிப் போகிற அளவு அது. நடைபாதை விளிம்பில் நிறுத்தும் ஓரக்கல் 150 மில்லிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது. உயர்த்திக் கட்டினால் வயதானவர்கள் ஏறமாட்டார்கள், தெருவிலேயே நடப்பார்கள். ஒவ்வொரு வீட்டு கேட்டுக்கும் நடைபாதையை வெட்டி இறக்கினால் ஏறி இறங்கி முட்டி வலிதான் மிஞ்சும். நடைபாதை ஒரே மட்டத்தில் ஓட வேண்டும், கார்தான் சின்னச் சரிவில் ஏறி இறங்க வேண்டும். இதில் விட்டுக்கொடுத்துவிட்டு எவ்வளவு நல்ல கல் பதித்தாலும் பிரயோஜனமில்லை.

கல் பலகையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கடப்பா கல் நனைந்தால் வழுக்கும். மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கிய கிரானைட் நன்றாக உழைக்கும் என்பதைக் கோயில் பிராகாரங்களிலும் பெரிய கடைத்தெருக்களிலும் பார்த்திருக்கிறேன். ஆனால் எங்களுக்கு வந்த விலை கைக்கு எட்டவில்லை, நான் முன்னின்று வேலை வாங்கிய அனுபவமும் அதில் இல்லை. அதனால் போட்டி மற்ற இரண்டுக்கும்தான்.

கான்கிரீட்டின் நல்ல குணத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். நடக்க அதைப்போல் சுகமானது வேறில்லை. துடைப்பத்தால் குறுக்கே இழுத்துச் சொரசொரப்பாக விட்ட தளத்தில் தள்ளுவண்டி, வாக்கர், குழந்தையின் மூன்று சக்கர சைக்கிள் எல்லாம் அதிராமல் போகும். எங்கள் தெருவில் வாக்கர் வைத்து நடக்கும் ஒரு அம்மா, மாதிரிக்குப் போட்டிருந்த இரண்டிலும் நடந்து பார்த்துவிட்டு, “சிமெண்ட்டுலயே நடக்க நல்லா இருக்குதுங்க தம்பி, இதுல சக்கரம் கடகடங்குது” என்றார். அவர் சொன்னது சரி. அதனால்தான் நாங்கள் விளிம்பு சீவாத, தட்டையான பிளாக்காகத் தேடி வாங்கினோம். அதிர்வு குறைந்தது, முழுசாகப் போகவில்லை. சக்கர நாற்காலி அதிகம் புழங்கும் இடம், உதாரணமாக ஒரு மருத்துவமனை வளாகம் என்றால், நான் கான்கிரீட்டையே சொல்வேன்.

அப்படியும் பேவரை எடுத்ததற்குக் காரணம், நம் ஊரில் நடைபாதையை யாராவது தோண்டிக்கொண்டே இருப்பார்கள் என்பதுதான்.

குடிநீர்க் குழாய் கசியும், ஈபி கேபிள் பழுதாகும், பாதாளச் சாக்கடை இணைப்பு வரும், ஃபைபர்காரர்கள் வருவார்கள். இவை எல்லாம் நடைபாதைக்கு அடியில்தான் ஓடுகின்றன. கான்கிரீட்டைத் தோண்ட பிரேக்கர் மெஷின் வேண்டும். உடைத்தது ஜல்லியாகக் குப்பைக்குப் போகும். வேலை முடிந்ததும் கையில் மிஞ்சிய சிமெண்டைக் குழைத்து மேலே ஒரு பட்டை பூசிவிட்டுப் போவார்கள். அந்தப் பட்டை பழைய தளத்தோடு ஒட்டாது. ஒன்று விரலளவு மேடாக நிற்கும், இல்லையென்றால் அடியில் மண் இறங்கிப் பள்ளமாகும். இருட்டில் கால் தடுக்குவது பெரும்பாலும் இந்த ஒட்டுகளில்தான். இரண்டு மூன்று முறை தோண்டிய கான்கிரீட் நடைபாதையில் யாரும் நடப்பதில்லை, பைக் நிறுத்தத்தான் பயன்படுகிறது.

பேவரைத் தோண்டும் விதமே வேறு. ஓரத்தில் ஒரு பிளாக்கை இரண்டு திருப்புளியால் நெம்பி எடுத்துவிட்டால் போதும், மற்றவை கையோடு வரும். எடுத்ததைச் சாக்கின் மேல் அடுக்கி வைக்கலாம். வேலை முடிந்ததும் அதே பிளாக், அதே இடத்தில். போட்ட சில மாதங்களிலேயே ஒரு ஃபைபர் நிறுவனத்தின் ஆட்கள் எங்கள் தெருவைத் திறந்தார்கள். எடுத்தது ஒழுங்காகத்தான். மூடும்போது தோண்டிய கரிசல் மண்ணையே கட்டி கட்டியாக உள்ளே தள்ளி, மேலே மணலைத் தூவிப் பதித்துவிட்டுப் போனார்கள். அடுத்த மழையில் அந்த வரிசை முழுக்கத் தொட்டிபோலக் குழிந்தது. மிதித்தால் பிளாக் ஆடி, இடுக்கிலிருந்து சேற்றுத் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. ஆனால் அதைச் சரிசெய்ய எங்களுக்கு ஒரு பிளாக்கூடப் புதிதாக வாங்க வேண்டியிருக்கவில்லை. மேஸ்திரி வந்து பிளாக்கை எடுத்தார், கட்டி மண்ணை அள்ளினார், கிராவலை 15 சென்டிமீட்டர் கனமாகப் போட்டுத் தண்ணீர் தெளித்து, திமிசு அடித்து, மறுபடி அடுத்த அடுக்கு என்று மேலே கொண்டுவந்தார். அன்று மாலையே நடக்க முடிந்தது. கான்கிரீட்டாக இருந்தால் சாக்கு போட்டுத் தண்ணீர் விட்டு ஒரு வாரமாவது நனைத்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு சங்கத்தில் ஒரு விதி வைத்தோம். யார் தோண்டினாலும் முன்பணம் கட்ட வேண்டும், மூடும்போது எங்கள் ஆள் ஒருவர் பக்கத்தில் நிற்பார், ஒரு மழை பார்த்த பிறகுதான் பணம் திரும்பும். இந்த விதியைக் கான்கிரீட்டுக்கும் வைக்கலாம்தான். ஆனால் உடைத்த கான்கிரீட்டைப் பழையபடி ஆக்க எந்த முன்பணத்தாலும் முடியாது.

கரிசல் மண்ணும் இதோடு சேர்ந்துகொள்கிறது. மழையில் உப்பும், சித்திரை வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். மேல்மண்ணை எடுத்துக் கிராவல் நிரப்பினாலும் அசைவு முழுவதும் நிற்காது. அந்த அசைவில் கான்கிரீட் விரிசல் விடும். பேவர் மேடு பள்ளமாகும், அந்த இடத்தை மட்டும் எடுத்து மட்டம் பார்த்துவிடலாம். செம்மண்ணோ பாறையோ இருக்கிற ஊரில் இந்தக் காரணம் இவ்வளவு கனக்காது.

இன்னொன்று சாலை மட்டம். பழைய தாரின் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டுச் சாலை உயர்ந்து, நடைபாதை வாய்க்காலாவதைப் பல ஊர்களில் பார்க்கிறோம். பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதிதாகப் போட வேண்டும் என்று 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு அறிவுறுத்தியிருந்தார். அதை மீறி மட்டம் உயர்ந்தாலும் பேவரை எடுத்து, அடித்தளத்தை உயர்த்தி, திரும்பப் பதிக்கலாம். மரங்களுக்கும் இது தோது. மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குக் கான்கிரீட் இருக்கக் கூடாது என்று 2013-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் டெல்லிக்குச் சொன்னது. நாங்களும் அந்த அளவையே எடுத்துக்கொண்டோம். புங்கமரத்தின் அடி பெருக்கப் பெருக்க ஒரு வரிசை பிளாக்கைக் கழற்றினால் போதும்.

பேவர் போட்டால் மழைநீர் தானாக மண்ணில் இறங்கிவிடும் என்று விற்பவர்கள் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். சாதாரண பிளாக்கின் இடுக்குகளைக் கொஞ்ச நாளில் நுண்மண் அடைத்துவிடும். தண்ணீர் ஓட ஐம்பதுக்கு ஒன்று என்ற சரிவு வேண்டியதுதான். இடுக்கில் புல் முளைக்கும், கையால் பிடுங்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறையாவது மணலைக் கூட்டித் தள்ளி இடுக்கை நிரப்ப வேண்டும். இந்த வேலைக்கு ஆள் வைக்க முடியாத சங்கம் பேவர் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது.

வாங்கும்போது கவனம்: ரப்பர் அச்சில் வார்த்த பளபளப்பான பிளாக் கண்ணுக்கு அழகாக இருக்கும், ஈரத்தில் வழுக்கும். இயந்திரத்தில் அழுத்திச் செய்த, மேலே சொரசொரப்பான பிளாக்கைத்தான் கேட்க வேண்டும். நடக்கும் இடத்துக்கு 60 மில்லிமீட்டர் கனம், கார் கடக்கும் இடத்துக்கு 80. ஓரக்கல்லைக் கான்கிரீட்டில் இறுக்கி நிறுத்தாவிட்டால் பிளாக்குகள் மெல்ல விலகி, நடுவில் இடைவெளி விழும்.

கான்கிரீட் போட்ட அந்த இரண்டு இடங்களில் ஒன்று தெருமுனைச் சரிவு. அங்கே சக்கரங்கள் ஏறி இறங்கும், பிளாக் பிடிப்பாக நிற்காது. இன்னொன்று தண்ணீர் லாரி திரும்பும் முனை. 80 மில்லிமீட்டர் பிளாக்கே அங்கே தாங்கும் என்று மேஸ்திரி சொன்னார், எனக்குத் துணிச்சல் வரவில்லை. பெரிய வெள்ளம் எதையும் எங்கள் நடைபாதை இதுவரை பார்க்கவில்லை. தண்ணீர் இரண்டு நாள் நின்றால் அடியிலுள்ள மணல் என்னாகும் என்பதை அப்போதுதான் சொல்ல முடியும்.

போடும்போதே அதே லாட்டில் நூற்றுக்கு மூன்று பிளாக் கூடுதலாக வாங்கி, பம்ப் அறைக்குப் பின்னால் அடுக்கி வையுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி அச்சு மாறும். ஓரிரு மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தாலும் பிறகு வாங்கியது வரிசையில் உட்காராது.