வம்சாவளிக்கு கிராம்ப்ஸ்: ஒரு மருமகளின் மதிப்பீடு

பூர்வீக ஊரில் ஒரு வார இறுதி எல்லாக் கிளைகளும் கூடுவது, அப்படியே குடும்ப வரலாற்றையும் எழுதி வைத்துவிடுவது என்று பேச்சு எழுந்தபோது வம்சாவளி வேலை என் தலையில் விழுந்தது. நான் இந்த வீட்டுக்கு வந்த மருமகள். எந்தக் கிளையைத் தூக்கிப் பிடிக்கவும் எனக்கு அவசியமில்லை என்று பெரியவர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். அந்த வேலைக்கு நான் எடுத்துக்கொண்ட மென்பொருள் கிராம்ப்ஸ். ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். அந்த மூன்றரையும் எதற்கு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கிராம்ப்ஸ் இலவசம், திறந்த மூலம். 2001இல் தொடங்கிய திட்டம், இன்னும் உயிரோடு இருக்கிறது. லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் ஓடும். தரவு முழுக்க நம் கணினியிலேயே இருக்கும். கணக்குத் தொடங்கச் சொல்லாது, சந்தா கேட்டு மின்னஞ்சல் அனுப்பாது. திறந்தவுடன் அழகான மரம் ஒன்றும் வராது. ஆட்கள், குடும்பங்கள், நிகழ்வுகள், இடங்கள், ஆதாரங்கள் என்று அரசு அலுவலகப் பதிவேடு போல வரிசையாக நிற்கும். முதல் பார்வையிலேயே பாதிப் பேர் ஓடிவிடுவார்கள். ஓடவேண்டாம் என்பது என் கட்சி. ஒன்றுகூடலுக்கு மரத்தின் அழகை விட அந்தப் பதிவேட்டுத்தனம்தான் உதவுகிறது.

ஏன் என்றால், பெரியவர்களிடம் தேதி கேட்டுப் பாருங்கள். "பெருவெள்ளம் வந்ததே, அதுக்கு மறு வருஷம்மா" என்பார் பெரிய மாமா. "இல்லை, வெள்ளத்தப்போ அவன் தவழ்ந்துக்கிட்டிருந்தான்" என்பார் அத்தை. வேறு பல செயலிகளில் ஒரே ஒரு கட்டம்தான் இருக்கும். யாருடைய தேதியைப் போட்டாலும் இன்னொருவருக்குக் கோபம். கிராம்ப்ஸில் 'ஏறத்தாழ', 'இதற்கு முன்', 'இதற்குப் பின்', 'இந்த இரண்டுக்கும் இடையில்' என்றெல்லாம் தேதி போடலாம். வெறும் சொற்களாகவே, 'வெள்ளத்துக்கு மறு வருஷம்' என்றும் எழுதி வைக்கலாம். ஒரே ஆளுக்கு இரண்டு பிறப்பு நிகழ்வுகளைக்கூடப் பதியலாம். முதலில் நிற்பதை மென்பொருள் கணக்கில் எடுத்துக்கொள்ளும், மற்றது காணாமல் போகாது. ஒவ்வொன்றுக்கும் யார் சொன்னது, எப்போது சொன்னது என்று ஆதாரம் சேர்த்து, அதன் நம்பகத்தன்மையை மிகக் குறைவிலிருந்து மிக அதிகம் வரை ஐந்து படிகளில் குறிக்கலாம். அத்தை சொன்னதற்கு நான் என்ன படி கொடுத்தேன் என்பதை அத்தையிடம் காட்டவில்லை.

இன்னொரு நல்ல கருவி, தரவைச் சரிபார்க்கும் கருவி. அம்மாவுக்கு முன்பே பிறந்த பிள்ளை, இறந்த பிறகு நடந்த கல்யாணம் என்று முரண்பாடுகளை வரிசையாகக் கொட்டும். அந்தப் பட்டியலை அப்படியே அச்செடுத்துப் பெரியவர்கள் முன்னால் வைத்தால் பேட்டிக்கான கேள்வித்தாள் தயார். "உங்கள் சிறுவயதைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் யாருக்கும் ஒன்றும் தோன்றாது. "உங்கள் சித்தப்பா கல்யாணத்துக்கு மூன்று வருஷம் முன்பே செத்துப்போனதாக இதில் இருக்கிறது" என்றால் வாய் தானாகத் திறக்கும்.

இனி எண்களுக்கு வருகிறேன். இதை வேறு எங்கும் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. விரிவான சந்ததி அறிக்கை என்று கிராம்ப்ஸில் ஒன்று உண்டு. ஒரு மூதாதையரைத் தேர்ந்தெடுத்தால் அவர் வழியில் வந்த எல்லோரையும் தலைமுறை வாரியாக எண் போட்டு எழுதித்தரும். எண் போடும் முறையை நாமே தேர்ந்தெடுக்கலாம். நான் எடுத்தது டபோவில் முறை, 1940இல் ஜாக் டபோவில் என்ற பிரெஞ்சுக்காரர் வகுத்தது. மூத்தவர் 1. அவருடைய மூன்றாவது பிள்ளை 1.3. அந்த மூன்றாவது பிள்ளையின் இரண்டாவது பிள்ளை 1.3.2. ஹென்றி என்ற இன்னொரு எண்முறையும் இதே மாதிரிதான், ஆனால் நடுவில் புள்ளி கிடையாது. ஒற்றை இலக்கம் போதாமல் பத்தாவது பிள்ளைக்கு எக்ஸ், பதினோராவதுக்கு ஏ என்று எழுத்துக்குத் தாவும். பத்துப் பன்னிரண்டு பிள்ளை பெற்ற தலைமுறைகள் உள்ள குடும்பம் டபோவில் பக்கமே போவது நல்லது. 1.11 என்றால் சிறுவனுக்கும் புரியும்.

இந்த எண்ணைத்தான் ஒவ்வொருவரின் சட்டை அட்டையிலும் பெயருக்குக் கீழே பெரிதாக அச்சிட்டோம். பலன் உடனே தெரிந்தது. "நீங்க யாரு, எந்த வழி?" என்று கேட்டு, பதில் புரியாமல் தலையாட்டுகிற சங்கடம் இல்லை. 1.3இல் தொடங்குகிறவர்கள் எல்லாம் ஒரு கிளை. புள்ளிகளை எண்ணினால் தலைமுறை. ஒரே தாத்தா பெயரைச் சுமக்கும் நாலைந்து பேர் ஒரே அறையில் நின்றாலும் குழப்பமில்லை. பிள்ளைகள் இதை விளையாட்டாக்கி, தன் எண்ணோடு அதிக இலக்கம் ஒத்துப்போகிறவர் யார் என்று தேடித் திரிந்தார்கள். கட்டி வந்தவர்களுக்கு இந்த முறையில் எண் கிடையாது. வரைபடத்தைச் செய்தவளுக்கே எண் இல்லை என்பதை வீட்டில் சிலர் ரசித்தார்கள். கணவன் அல்லது மனைவியின் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கூட்டல் குறி போட்டு நாங்களே சமாளித்துக்கொண்டோம்.

டபோவில் எண்ணுக்கு ஒரு பலவீனமும் உண்டு. அது பிறந்த வரிசையை நம்பி நிற்கிறது. சனிக்கிழமை மதியம், சுவரில் ஒட்டியிருந்த வம்சாவளி மரத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்த ஒரு பாட்டி சாதாரணமாகச் சொன்னார்: "எனக்கு மூத்தவ ஒருத்தி இருந்தா. பேரு வைக்கறதுக்கு முன்னயே போயிட்டா." அதுவரை அந்தக் குழந்தையை யாரும் சொன்னதில்லை, பாட்டியின் பிள்ளைகளுக்கே தெரியாது. மென்பொருளில் பெயரில்லாத அந்தப் பெண்ணைச் சேர்த்ததும் அதுவரை 1.3ஆக இருந்த பாட்டி 1.4 ஆனார், அவருக்குக் கீழே உள்ள அத்தனை பேரின் எண்ணும் மாறியது. பேனாவால் 3ஐ அடித்து 4 எழுதிக்கொண்டு அந்தக் கிளை முழுக்க நடமாடியது. ஒரு பேரன் மட்டும் "எனக்கு 3தான் ராசி" என்று கடைசிவரை மாற்றவில்லை.

அதனால் ஒரு யோசனை. அட்டையின் பின்பக்கம் கிராம்ப்ஸ் தானாகவே கொடுக்கிற அடையாள எண்ணையும் (ஐ0001 என்கிற பாணியில் இருக்கும்) அச்சிடுங்கள். யார் புதிதாக வந்தாலும் அது மாறாது. உறவினர்கள் பிழைகளை எழுதிக் கொடுக்கும் திருத்தச் சீட்டுகளில் அதை எழுதச் சொன்னால் பிறகு தேட வேண்டியதில்லை.

படங்களுக்கும் இது கெட்டிக்காரத்தனமாக உதவும். பழைய குழுப்படத்தில் ஒரு முகத்தைச் சுற்றிக் கட்டம் வரைந்து, அந்தப் பகுதியை மட்டும் ஓர் ஆளோடு இணைக்கலாம். ஆனால் படங்களைக் கிராம்ப்ஸ் தனக்குள் வைத்துக்கொள்ளாது, கோப்பு எங்கே இருக்கிறது என்பதை மட்டும் நினைவில் வைத்திருக்கும். கோப்புறையை இடம் மாற்றினால் படம் தெரியாது. வேறு கணினிக்குக் கொண்டுபோவதாக இருந்தால் படங்களையும் சேர்த்துக் கட்டும் 'கிராம்ப்ஸ் பேக்கேஜ்' வடிவில் எடுங்கள். வம்சாவளி மென்பொருள்கள் தங்களுக்குள் தரவு பரிமாறும் பொது வடிவமான ஜெட்காம் கோப்பில் படம் வராது.

ஊரின் பெயரும் எல்லைகளும் காலப்போக்கில் மாறியிருந்தால், எந்த ஆண்டுவரை எந்த மாவட்டத்தில் இருந்தது என்பதைத் தேதியோடு பதியலாம். பழைய பத்திரங்களோடு ஒப்பிடும்போது இதன் அருமை தெரியும். குடும்பப் பெயர் இல்லாமல் அப்பா பெயரையே முன்னெழுத்தாக வைக்கிறவர்களுக்கும் வழி இருக்கிறது: குடும்பப் பெயரின் தோற்றத்தை 'தந்தை பெயரிலிருந்து வந்தது' என்று குறித்து, காட்டும் வரிசையை அமைப்புகளில் மாற்றிக்கொள்ளலாம். தமிழில் தட்டச்சு செய்யத் தடையில்லை. பெரிய மரத்தை அச்சுக்கு அனுப்பும் முன் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக் கொம்பும் காலும் சரியாக விழுந்திருக்கின்றனவா என்று பாருங்கள். உறவு வரைபடத்தை எத்தனை தாள்களில் பரப்புவது என்பதையும் அமைப்புகளில் சொல்லலாம். சாதாரணத் தாள்களை ஒட்டிச் சுவர் முழுக்க விரித்தால் பெரிய சுருளை விடச் சௌகரியம், திருத்தவேண்டிய தாளை மட்டும் கழற்றலாம்.

ஒன்றரை எதற்குக் குறைத்தேன்? இது ஒருவர் உட்கார்ந்து செய்கிற மென்பொருள். பத்துப் பேர் கைப்பேசியில் ஒரே நேரத்தில் திருத்த முடியாது. அதற்கு கிராம்ப்ஸ் வெப் என்ற தனித் திட்டம் இருக்கிறது, ஆனால் அதை நாமே நடத்துவதானால் சேவையகம் அமைக்கத் தெரிந்த ஒருவர் குடும்பத்தில் இருக்கவேண்டும். ஃபேமிலிசர்ச் என்ற இணைய வம்சாவளித் தளமும் இலவசம்தான், அதன் செயலியில் அருகில் இருப்பவர்கள் எப்படி உறவு என்று காட்டும் வசதிகூட உண்டு, கூட்டத்தில் அது குதூகலம். ஆனால் அங்கே உலகத்துக்கே ஒரே மரம், இறந்தவர்களின் பதிவை யார் வேண்டுமானாலும் திருத்தலாம். எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஆளாளுக்குத் திருத்துகிறார்கள், வெளியாட்களையும் சேர்த்துக்கொள்ளத் துணிவில்லை.

உயிரோடு இருப்பவர்களின் விவரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஏற்றுமதி செய்யும்போது அவர்களை மறைக்கவோ பெயரோடு நிறுத்தவோ சொல்லலாம். இறந்த தேதி இல்லாதவரை, பிறந்து 110 ஆண்டு ஆகும்வரை உயிரோடு இருக்கக்கூடியவராகவே கிராம்ப்ஸ் கருதும்; இந்த வரம்பை நாம் மாற்றலாம். தனிப்பட்டது என்று பூட்டு போட்ட குறிப்புகளையும் விலக்கலாம். சுவரில் ஒட்டும் பிரதிக்கு இந்த இரண்டு மறைப்புகளையும் போட்டுவிடுங்கள். பிரிந்துபோன கல்யாணங்களையும் சொத்துச் சண்டைகளையும் மருமகள் மாட்டிய தாளில் படிக்க யாரும் ஊருக்கு வருவதில்லை.

ஞாயிறு மாலைக்குள் ஒரு பை நிறையத் திருத்தச் சீட்டுகள் சேரும். அவற்றை யார் உள்ளிடப் போகிறார் என்பதைக் கூட்டம் கலையும் முன் பெயர் சொல்லி முடிவு செய்துவிடுங்கள். எங்கள் வீட்டில் அது நாத்தனார் மகன், 1.2.5. தரவுப் பிரதி அவனிடம் போய்விட்டது. இப்போது சந்தேகம் கேட்டு அவன்தான் எனக்கு ஃபோன் செய்கிறான்.