ஸ்டாண்டர்ட் டூயத்லானா, ஸோஃபிங்கனா?

டூயத்லானில் நீச்சல் கிடையாது: ஓட்டம், சைக்கிள், மறுபடி ஓட்டம். வேலைக்கும் போய்க்கொண்டு தயாராகிறவர் எந்தத் தூரத்தைப் பிடிப்பது?

ஸ்டாண்டர்ட் என்றால் 10 கி.மீ. ஓட்டம், 40 கி.மீ. சைக்கிள், 5 கி.மீ. ஓட்டம். இரண்டு, இரண்டரை மணி நேர வேலை. இதில் வேகம்தான் எல்லாம். சைக்கிளை எடுக்கும் முன் ஹெல்மெட் வாரை மாட்டியாக வேண்டும். வியர்த்த விரலுக்கு அந்தக் கொக்கி சிக்காத பத்து விநாடியில், கூடவே ஓடி வந்தவர் சாலை வளைவில் மறைந்திருப்பார்.

சுவிட்சர்லாந்தின் ஸோஃபிங்கன் வேறு ரகம். 1989-இல் தொடங்கிய பந்தயம்; தூரம் 10, 150, 30. 150 கி.மீ. மேடேறி இறங்கிய தொடையோடு மேலும் 30 கி.மீ. ஓட வேண்டும், அதுவும் மேடு பள்ளத்தில். இங்கே கால் மட்டும் போதாது, வயிறும் ஒத்துழைக்க வேண்டும். சைக்கிளில் இருக்கும்போதே சாப்பிடாமல் விட்டவர் கடைசி ஓட்டத்தில் நடக்கத்தான் செய்வார். பயிற்சிக்கு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போய்விடும். வீட்டில் அனுமதி வாங்குவது தனிப் போட்டி!

என் ஓட்டு ஸ்டாண்டர்டுக்குத்தான். ஒன்றில் சொதப்பினாலும் அதே பருவத்தில் இன்னொன்றில் சரிசெய்யலாம். ஸோஃபிங்கனில் சொதப்பினால் அடுத்த வருடம்தான்.