தொலைபேசி ஆலோசனையா, பயிற்சி பெற்ற சக காவலரா?

2020 மார்ச்சில் ஊரடங்கு தொடங்கியபின், சோதனைச் சாவடிகளில் நின்ற காவலர்கள் வீட்டிலுள்ள முதியோருக்குத் தொற்றைக் கொண்டுபோய்விடுவோமோ என்ற அச்சத்துடனேயே பணியாற்றினார்கள். அத்தகைய மன நெருக்கடிக்குத் தொலைபேசி ஆலோசனை, உடன் பணியாற்றும் பயிற்சி பெற்ற காவலர் ஆகிய இரண்டில் எந்த ஏற்பாட்டை முதலில் செய்வது எனத் தயங்கும் அதிகாரிகளுக்காக இதை எழுதுகிறேன்.

இரகசியம்: தொலைபேசியில் மேலதிகாரி அறியாமல் பேசலாம். சக காவலரிடம் சொன்னால் நிலையம் முழுவதும் பரவிவிடும், பதவி உயர்வு கெடும் என்ற பயம் உண்டு. இந்தப் பயத்தை ஒருபோதும் இலேசாக எண்ணக் கூடாது.

செலவு: 2022 அக்டோபரில் தொடங்கிய, இந்திய அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் (14416) இலவசமானது. சக காவலருக்கோ பயிற்சியும் பணிநேரத்தில் விலக்கும் தர வேண்டும்.

கண்டறிதல்: தொலைபேசி, தானே அழைப்பவருக்கு மட்டுமே உதவும். உறக்கமின்மை, எரிச்சல், கூடிவரும் குடி ஆகியவற்றை முதலில் காண்பவர் அருகில் நிற்பவரே. அழைக்கத் தோன்றாத நிலையில் இருப்பவரைக் காப்பதும் அந்தக் கண்தான்.

ஆகவே, தற்கொலை எண்ணம் போன்ற அவசரத்துக்கும் வெளியே சொல்ல முடியாத குடும்பச் சிக்கலுக்கும் தொலைபேசியே பொருந்தும். மாதக்கணக்கில் நீளும் களைப்புக்குச் சக காவலரே ஏற்றவர், ஆனால் அவருக்கும் வார விடுப்பு உறுதியாகக் கிடைக்க வேண்டும்.