அடையாறுல கீமோவுக்கு அம்மாவ கூட்டிட்டு வந்து தங்குன ரூம் - ஒரு ரிவ்யூ

மொதல்லயே சொல்லிடுறேன், இது டூர் போறவங்களுக்கான ரூம் ரிவ்யூ இல்ல. டிவி எத்தன இன்ச்சு, காலை டிபன் உண்டா, ஜன்னல தொறந்தா என்ன தெரியும்னு பாக்குறவங்க அப்படியே தாண்டி போயிடலாம். அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டுக்கு அம்மாவையோ அப்பாவையோ கூட்டிட்டு வெளியூர்ல இருந்து வர்றீங்க, மாசக்கணக்குல இருக்கணும்னு சொல்லிட்டாங்க, எங்க தங்குறதுன்னு முழிக்கிறீங்கன்னா படிங்க. வீட்டு அட்ரஸும் நம்பரும் போடல, ஓனர் ஆன்ட்டி வேணாம்னுட்டாங்க, மொத்தமே நாலு ரூம் தான், இடமில்லம்மான்னு போன்ல சொல்லிச் சொல்லியே மனசு விட்டுப் போகுதுங்குறாங்க. அதனால அங்க என்னென்ன நல்லா இருந்துச்சு என்ன சரியில்லன்னு எழுதுறேன், வேற எங்க ரூம் பாத்தாலும் இதெல்லாம் இருக்கான்னு கேட்டுக்கோங்க.

நாங்க சங்கரன்கோவில். அம்மாவுக்கு மார்புல கட்டி, பயாப்சில கேன்சர்னு உறுதியாச்சு. மொதல்ல கீமோ குடுத்து கட்டிய சுருக்கணும், அப்புறம் ஆபரேஷன், அதுக்கப்புறம் ரேடியேஷன்னு சொன்னாங்க. கீமோலயே ரெண்டு கட்டம், மொதல்ல மூணு வாரத்துக்கு ஒருக்க ஒரு சிவப்பு மருந்து, அது முடிஞ்சதும் வாராவாரம் வேற மருந்து. மூணு வாரத்துக்கு ஒருக்கன்னா பொதிகை ரயில்ல வந்து போயிடலாமேன்னு தான் அண்ணன் திருப்பூர்ல இருந்து போன்ல கணக்கு போட்டான். டிக்கெட் செலவும் பெருசா இல்ல, கேன்சர் பேஷண்டுக்கு சிகிச்சைக்கு போக ஸ்லீப்பர்லயும் தேர்ட் ஏசிலயும் முழு சலுகை, கூட வர்ற ஒருத்தருக்கு 75 சதவீதம், ஆஸ்பத்திரில ஃபார்ம் வாங்கி ஸ்டேஷன் கவுண்டர்ல குடுக்கணும், இது நிறைய பேருக்கு தெரியல. ஆனா கீமோ ஏறுன ஒரு வாரம் பத்து நாள்ல நோய எதிர்க்கிற ரத்த வெள்ளணு எறங்கும், அப்ப காய்ச்சல் வந்தா ராத்திரி பகல் பாக்காம உடனே வந்துடணும்னு நர்ஸ் கண்டிப்பா சொல்லிட்டாங்க, சங்கரன்கோவில்ல இருந்து உடனேன்னா எப்படி வர்றது. அதான் ரூம் தேட வேண்டியதாச்சு.

மொதல்ல ஒரு லாட்ஜ், பேரு வேண்டாம். ரூம் சுத்தம், குத்தம் சொல்ல முடியாது. ஆனா ராத்திரி பத்தரைக்கு ஷட்டர இறக்கி பூட்டிடுவாங்க, சாவி மேனேஜர்கிட்ட இருக்கும், மேனேஜர் அவர் வீட்ல இருப்பாரு. அதையாவது பொறுத்துக்கிட்டோம். அம்மாவுக்கு முடி கொட்ட ஆரம்பிச்சு தலகாணி பூரா முடி, ரூம் கூட்ட வந்த பையன் போய் சொல்லிருப்பான் போல, மேனேஜர் அப்பாவ கூப்புட்டு "மத்த கஸ்டமர்லாம் பயப்படுறாங்க சார், இது ஒட்டுமா"ன்னு கேட்டிருக்காரு. ஆஸ்பத்திரிக்கு வர்ற சனத்த நம்பியே லாட்ஜ் நடத்துற ஆள் கேக்குற கேள்வியப் பாருங்க. அப்பா ஒண்ணும் பேசல, மேல வந்து பெட்டிய இழுத்து கட்டில் மேல வச்சிட்டாரு.

இந்த வீட்ட சொன்னது ரத்த டெஸ்டுக்கு உக்காந்திருந்தப்ப பக்கத்துல இருந்த நெல்லூர்க்கார அக்கா. காந்தி நகருக்குள்ள பழைய மாடி வீடு, கீழ ரெண்டு ரூம் மேல ரெண்டு ரூம், பின்னாடி பொதுவா பெரிய சமையல்கட்டு. முத்துலட்சுமி ரெட்டி 1954ல 12 படுக்கையோட ஆரம்பிச்ச ஆஸ்பத்திரி, இப்ப எந்தெந்த ஊர்ல இருந்தோ வர்றாங்க, அத சுத்தி ரூம் விடுறதே ஒரு தொழிலாயிடுச்சு. வாடகை நாளைக்கு 800, கரண்ட் தனி. ஒண்ணு கவனிச்சுக்கோங்க, ஆஸ்பத்திரிக்கு ரெண்டு இடம், ஒண்ணு காந்தி நகர் கால்வாய்க்கரை ரோட்ல, இன்னொண்ணு சர்தார் படேல் ரோட்ல. உங்களுக்கு எங்க வரச் சொல்லிருக்காங்கன்னு தெரிஞ்சுக்கிட்டு அட்வான்ஸ் குடுங்க, இல்லன்னா ஆட்டோவுக்கே அழணும்.

இந்த வீட்ல பெரிய விஷயமே சமையல்கட்டு தான். ரூமுக்கு ஒரு ஒத்த அடுப்பு, பொதுவா ஒரு கிரைண்டர். கதவுல ஒரு சிலேட்டு தொங்கும், ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைங்க வச்சிருக்குமே அதே சிலேட்டு. யாருக்கு இன்னிக்கு கீமோவோ அவங்க ரூம் நம்பர அதுல எழுதணும். எழுதிட்டா அன்னிக்கும் அடுத்த ரெண்டு நாளும் உள்ள தாளிப்பு கிடையாது, மீனு கருவாடு கிடையாது, வெங்காயம் வதக்கக் கூடாது. இட்லி அவிக்கலாம், கஞ்சி வைக்கலாம், பருப்பு வேக வைக்கலாம். நாலு ரூம்லயும் நோயாளிங்கிறதால மாசத்துல பாதி நாளு கடுகு வெடிக்கிற சத்தமே கேக்காது. தாளிக்காம சோறு எறங்காதுங்குறவங்களுக்கு மொட்ட மாடில ஒரு இண்டக்ஷன் அடுப்பு வச்சிருக்காங்க, வெயில்ல நின்னு தாளிச்சுட்டு வரலாம், நானும் நின்னுருக்கேன்.

கீமோவ பக்கத்துல இருந்து பாக்காதவங்களுக்கு இதெல்லாம் ஓவரா தெரியும். எங்கம்மா ஆயுசுக்கும் பெருங்காயம் மணக்க மணக்க சாம்பார் வச்சவ. லாட்ஜ்ல இருந்தப்ப கீழ மெஸ்ல வெங்காயம் வதக்குனா போதும், பிளாஸ்டிக் வாளிய மடியில வச்சுக்கிட்டு "ஏட்டி அந்த சன்னல சாத்துட்டி, கொடலப் பெரட்டுது"ன்னு கண்ண மூடிப்பா, சாத்துனா புழுங்கும், தொறந்தா வாந்தி. இங்க வந்து மொத தடவ கீமோ போட்டுட்டு வந்த அன்னிக்கு சாயந்தரம் அரை டம்ளர் கஞ்சி உப்பு போட்டு குடிச்சா, அது உள்ளயே நின்னுச்சு. வாந்தி மாத்திரையும் நல்லா வேல செஞ்சிருக்கும், இல்லங்கல, ஆனா அந்த வீட்ல வாசன இல்லாததும் ஒரு காரணம்னு அடிச்சு சொல்லுவேன்.

அந்த சிலேட்டு இன்னொரு வேலையும் பண்ணுச்சு. அப்பா ஊர்ல யார்கிட்டயும் நெசத்த சொல்லல. சித்தி கேட்டா கண்ணு காட்ட வந்திருக்கோம், பெரியப்பா கேட்டா கண்ணு, ரேஷன் கடைல கூட வேல பாத்தவங்க கேட்டாலும் கண்ணு தான், எத்தன மாசம் கண்ணு காட்டுவீங்கன்னு யாரோ கேட்டதுக்கு போன கட் பண்ணிட்டாரு. எங்களுக்குள்ளயும் யாரும் வாய் தொறந்து பேசிக்கல. சிலேட்டு எழுத என்னத்தான் கூப்புடுவாருன்னு நெனச்சேன். அவரே சாக்பீஸ எடுத்து, ஈரத் துணியால பலகைய தொடச்சு, ‘ரூம் 3 கீமோ’ன்னு பெருசா எழுதி கீழ தேதியும் போட்டாரு, வருஷக்கணக்கா கடைல ஸ்டாக் போர்டு எழுதுன கை. அதப் பாத்துட்டு மேல் ரூம் ஐயா வந்து உங்க வீட்டம்மாவுக்கு எத்தனாவதுன்னு கேட்டாரு, அப்பா பதில் சொன்னாரு, அப்படியே திண்ணைல உக்காந்து ஆஸ்பத்திரி கதையெல்லாம் பேச ஆரம்பிச்சுட்டாங்க. எங்ககிட்ட இன்னும் அவ்ளோ பேசல, அது வேற.

அம்மாவுக்கு நெல்லூர் அக்கா. அம்மா ராஜபாளையத்துல தெலுங்கு பேசுற தெருவுல வளந்தவ, எனக்கு தெலுங்கு சுத்தமா வராது, அது ரெண்டு பேருக்கும் வசதியா போச்சு. எங்ககிட்ட கேக்காதத எல்லாம் அந்த அக்காகிட்ட கேட்டுக்குவா, பாத்திரம் கழுவிக்கிட்டே ரெண்டும் குசுகுசுன்னு பேசும், நடுவுல சிரிப்பு வேற. ஒரு நாள் மருந்து வாங்கிட்டு வந்து பாக்குறேன், அக்கா வீட்டு டிரிம்மர்ல மிச்சம் மீதி முடியையும் வழிச்சுட்டு அம்மா ஜம்முனு உக்காந்திருக்கா, "காசு செலவில்லாம திருப்பதி போயிட்டு வந்துட்டேன்ட்டி"ன்னு சொல்றா. அண்ணன் வீடியோ கால்ல அழுதான், அம்மா அவன திட்டிட்டு வச்சிட்டா.

இனி ரூம் எடுக்கும்போது கண்டிப்பா பாக்க வேண்டியது. ஃப்ரிட்ஜ். கீமோவுக்கு மறுநாள் வெள்ளணு ஏத்துற ஊசி போடச் சொல்லுவாங்க, அத 2லேந்து 8 டிகிரிக்குள்ள வைக்கணும், ஃப்ரீசர்ல வச்சு உறைஞ்சா போச்சு, வெல கம்மி இல்ல. இங்க ஹால் ஃப்ரிட்ஜ்ல ஊசிக்குன்னே நடுத்தட்டுல மூடி போட்ட டப்பா, ரூம் நம்பர் ஒட்டி வச்சிருக்காங்க, காய்கறி எல்லாம் கீழ. கரண்ட் போனா இன்வெர்ட்டர்ல ஓடுது.

பாத்ரூம் ரூமோட சேந்து இருக்கணும், பொது பாத்ரூம்னா எடுக்காதீங்க. சிவப்பு மருந்து ஏறுனா ஒண்ணு ரெண்டு நாள் மூத்திரம் சிவப்பா போகும், ரத்தம் இல்ல, மருந்தோட கலரு தான், எங்களுக்கு முன்னாடியே சொல்லிட்டாங்க அதனால பதறல. ரெண்டு நாளைக்கு மூடிய மூடி ரெண்டு தடவ ஃப்ளஷ் பண்ணணும்னும் சொன்னாங்க, பொது பாத்ரூம்ல இதெல்லாம் நடக்குமா. வெஸ்டர்ன் டாய்லெட், பக்கத்துல பிடிச்சு எந்திரிக்க ஒரு கம்பி, குளிக்க உயரமான பிளாஸ்டிக் ஸ்டூல், கைல மருந்து ஏத்துற குழாய் (லைன்) போட்டிருக்கவங்களுக்கு கைய நனைக்காம வச்சுக்க ஒரு சின்ன ஸ்டாண்டு. யாரோ நோயாளி கூட இருந்து பாத்தவங்க யோசிச்சு வச்சது மாதிரி இருக்கு. ஆன்ட்டிகிட்ட கேக்கல, அவங்களும் சொல்லல.

அப்புறம் கேட் சாவி. ரூமுக்கு ஒண்ணு குடுத்துடுறாங்க. ஒரு ராத்திரி அம்மா உடம்பு நடுங்குதுன்னா, வச்சுப் பாத்தா 101. நூறு புள்ளி நாலு தாண்டுனா கெளம்பி வாங்கன்னு சொல்லிருக்காங்கல்ல, மணி ஒண்ணே கால், டோலோ போட்டு காலைல பாக்கலாம்னு அப்பா சொன்னாரு, மாத்திரைய போட்டு காய்ச்சல மறைக்கக் கூடாதுன்னு நர்ஸ் சொன்னது ஞாபகம் இருந்ததால நான் விடல. கேட்ட நாங்களே தொறந்தோம், சத்தம் கேட்டு ஆன்ட்டி நைட்டியோட வந்து தெருமுனை ஆட்டோக்காரர போன் போட்டு எழுப்பி விட்டாங்க. வெள்ளணு ரொம்ப கம்மின்னு அட்மிட் பண்ணி ஆன்டிபயாட்டிக் ஏத்துனாங்க, தேறிட்டா. அந்த லாட்ஜ் ஷட்டர் மட்டும் குறுக்க இருந்திருந்தான்னு நெனச்சா இப்பவும் பக்குங்குது.

சரியில்லாதது. கொசு, அடையாறு பக்கம்னாலே கொசு தான், வலை கொண்டு வாங்க. மோட்டார் காலைல ஒரு நேரம், தண்ணி பிடிச்சு வைக்கலன்னா அவ்ளோதான். வைஃபை பேருக்கு இருக்கு. மாடிப்படி செங்குத்து, ஆபரேஷன் முடிஞ்சு புண்ணு நீர் எறங்குற டிரெயின் பையோட வர்றவங்களுக்கு மேல் ரூம் சரிப்படாது, கீழ கேட்டு வாங்குங்க. ஆன்ட்டிக்கு வாய் ஜாஸ்தி, அடுப்பு தொடைக்கலன்னா பேஷண்ட் வீடுன்னுலாம் பாக்க மாட்டாங்க. ஆனா கேன்சருக்கு மருந்துன்னு முள்சீத்தா பொடி விக்க வந்த ஒருத்தன கேட்டோட அதே வாயால வெரட்டுனாங்க, அதுக்கு ஒரு ஸ்டார் எக்ஸ்ட்ரா குடுக்கலாம்.

செலவு பத்தி ஒரு வார்த்த. முதலமைச்சர் காப்பீட்டு திட்டத்துல குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும் உண்டு, கார்டு இருந்தா மொத நாளே காட்டிடுங்க, ஆனா அது சிகிச்சைக்கு மட்டும். ரூம், ஆட்டோ, எளநி, கூட இருக்கவங்க சாப்பாடு எல்லாம் நம்ம பை தான், எங்க வீட்ல அதிகமா ஓடுனதே அதுல தான். முடியாதவங்க ரூம் தேடுறதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரில சோஷியல் ஒர்க்கர பாத்து பேசுங்க.

இப்ப அம்மாவுக்கு ஆபரேஷன் முடிஞ்சு ரேடியேஷன் போயிட்டிருக்கு. திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் தான், சனி ஞாயிறு லீவு, தெம்பு இருக்குற வாரம் வெள்ளி ராத்திரி பொதிகை ஏறி ஊருக்கு ஒரு எட்டு போயிட்டு வர்றோம். ரூம் சும்மா பூட்டிக் கெடக்கும், ஆனா அந்த ரெண்டு நாளுக்கும் முழு வாடகை வாங்குறாங்க. பாதி வாங்கக் கூடாதா ஆன்ட்டின்னு கேட்டேன், உங்கம்மா பாத்திரம் பண்டத்தயெல்லாம் காலி பண்ணிட்டு போ, வாங்கலன்னாங்க. அஞ்சுக்கு நாலு ஸ்டார், ஒண்ணு கொறச்சது கொசுவுக்கு இல்ல, இதுக்குத்தான்.