சொந்த விமானம்: பறப்பதைவிட நிற்பதற்கே அதிகச் செலவு

சின்ன விமானம் ஒன்று வாங்கலாமா என்று யோசிக்கிறவர்கள் முதலில் எரிபொருள் கணக்கைத்தான் போடுகிறார்கள். மணிக்கு எத்தனை லிட்டர், லிட்டர் என்ன விலை, ஒரு பயணத்துக்கு எவ்வளவு ஆகும் என்று பார்த்துவிட்டு, "சமாளித்துவிடலாம்" என்ற முடிவுக்கு வருகிறார்கள். பல வருடங்களாக ஒன்றை வைத்துப் பராமரித்து, ஒவ்வொரு ரசீதையும் எழுதி வைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: எரிபொருளைப் பற்றிக் கவலைப்படுவதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். விமானம் பறக்காமல் நிற்கும் நாட்களுக்கு ஆகும் செலவை முதலில் பாருங்கள்.

என்னுடையது 1970-களில் தயாரான செஸ்னா 172. நாலு இருக்கை, ஒற்றை இன்ஜின், நாலு சிலிண்டர், 150 குதிரைத்திறன். 1956-ல் விற்பனைக்கு வந்து, இதுவரை 44,000-க்கும் மேல் தயாரான மாடல் இது. உதிரி பாகமும் கை பழகிய மெக்கானிக்கும் கிடைப்பது மற்ற விமானங்களைவிடச் சுலபம். அதற்காகவே இதை எடுத்தேன். மணிக்கு 30 முதல் 34 லிட்டர் வரை எரிபொருள் குடிக்கும். சுமார் 200 கிலோமீட்டர் வேகத்தில் போகும்.

தொகையாகச் சொன்னால் நாட்டுக்கு நாடு மாறும். அதனால் ஒரு மணி நேரம் பறக்க ஆகும் எரிபொருள் செலவை ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

ஹேங்கர் (விமானம் நிறுத்தும் கொட்டகை) வாடகை, இன்ஷூரன்ஸ், வருடாந்தரப் பரிசோதனை. இந்த மூன்றும் சேர்ந்து என் கணக்கில் வருடத்துக்கு 150 பங்கு அளவில் வருகின்றன. ஒரு முறைகூடப் பறக்காவிட்டாலும் இதைக் கட்டித்தான் ஆக வேண்டும். பறக்கும் ஒவ்வொரு மணிக்கும் எரிபொருள் ஒரு பங்கு. ஆயில், டயர், சின்னச் சின்ன ரிப்பேர் எல்லாம் சேர்ந்து 0.4; இன்ஜின் ஓவர்ஹாலுக்கு, அதாவது இன்ஜினை முழுதாகப் பிரித்துப் புதுப்பிப்பதற்கு, ஒதுக்குவது இன்னொரு 0.4. ஆக 1.8. வருடத்துக்கு 30 மணி பறந்தால் ஒரு மணிக்கு 6.8 பங்கு விழுகிறது. 100 மணி பறந்தால் 3.3 தான். மொத்தமாகப் பார்த்தால் முன்னது 204, பின்னது 330. அதாவது மூன்று மடங்குக்கு மேல் பறந்தும், செலவு ஒன்றரை மடங்கைவிடச் சற்றுத்தான் கூடுகிறது. இந்தக் கணக்கை எழுதிப் பார்த்த பிறகுதான் என் பறக்கும் பழக்கமே மாறியது. காரணம் கிடைத்தால் பறப்போம் என்று காத்திருப்பதை விட்டுவிட்டேன். வானிலை நன்றாக இருந்தால் பறக்கிறேன்.

வாடகை விமானத்தின் மணிக்கட்டணம், நான் ஒப்பிட்ட வரையில், இதே அளவுகோலில் மூன்றரைப் பங்குக்கு அருகில் இருந்தது. ஆக, வருடத்துக்கு 100 மணிக்குப் பக்கத்தில் பறக்காதவருக்குச் சொந்த விமானம் பணத்தில் லாபமில்லை. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டு வாங்குவது மனதுக்கு நல்லது.

வருடாந்தரப் பரிசோதனையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மூடிகள், தரைப் பலகைகள், இருக்கைகள் எல்லாவற்றையும் கழற்றி, விமானத்தை உள்ளே வெளியே பார்க்கிறார்கள். ஒவ்வொரு சிலிண்டரிலும் 80 பிஎஸ்ஐ அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி எவ்வளவு தாங்குகிறது என்று பார்ப்பார்கள். 76/80 என்று வந்தால், அதாவது 80-ல் 76 நின்றால், திருப்தி. செஸ்னாவில் இருக்கை நகரும் தண்டவாளத்தின் துளைகள் தேய்ந்திருக்கின்றனவா என்று பார்ப்பது விமானத் தகுதி உத்தரவின்படி (விமானப் பாதுகாப்புக்காக அரசு போடும் உத்தரவு) கட்டாயம். டேக்-ஆஃப் நேரத்தில் இருக்கை பின்னால் வழுக்கினால் விமானியின் கை ஸ்டியரிங்கை விட்டு விலகிவிடும், அதனால்தான். பரிசோதனைக் கட்டணம் முன்கூட்டியே தெரிந்ததுதான். அதில் என்ன வெளிப்படும் என்பதை யாராலும் சொல்ல முடியாது. ஒரு வருடம் எதுவுமே இருக்காது. அடுத்த வருடம் கட்டணத்தைப்போல இரண்டு மடங்கு ரிப்பேர் வரும்.

எனக்கு அப்படி ஒரு வருடம் சைலன்சரில் விரிசல் கண்டுபிடித்தார்கள். வயதானால் வருவதுதான். ஆனால் இந்த விமானங்களில் கேபினுக்கான வெப்பக் காற்று சைலன்சரைச் சுற்றியுள்ள உறையிலிருந்துதான் வருகிறது. அங்கே விரிசல் விட்டால் கார்பன் மோனாக்சைடு நேராக நாம் சுவாசிக்கும் காற்றில் கலக்கும். நிறமும் இல்லை, வாசமும் இல்லை. புது சைலன்சரின் விலை கசந்தது. ஆனாலும் அதைப் பார்த்துச் சொன்ன மெக்கானிக்குக்கு நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன். மின்சாரத்தில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு அளவி ஒன்றை அன்றே வாங்கி மாட்டினேன். விமானத்துக்கு வாங்கியவற்றில் மிகக் குறைந்த விலையில் கிடைத்த பெரிய பாதுகாப்பு அதுதான்.

பாகங்கள் ஏன் இவ்வளவு விலை? காருக்குப் போல லட்சக்கணக்கில் அச்சடித்துத் தள்ளுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் சான்றிதழ் வேண்டும். செஸ்னா இந்த ஒற்றை இன்ஜின் விமானங்களின் தயாரிப்பையே 1986-ல் நிறுத்தியது. விபத்து வழக்குகளின் இழப்பீட்டுச் சுமை அதற்கு முக்கியக் காரணம். 1994-ல் அமெரிக்கா தயாரிப்பாளரின் இழப்பீட்டுப் பொறுப்புக்கு 18 வருட வரம்பு வைத்துச் சட்டம் இயற்றிய பிறகு, 1996-ல் தயாரிப்பு மறுபடி தொடங்கியது. இன்று சந்தையில் இருக்கும் விலை குறைந்த 172-களில் பெரும்பாலானவை அந்த இடைவெளிக்கு முந்தியவை. வாங்கும் விலை குறைவு என்று சந்தோஷப்படும்போது, அரை நூற்றாண்டு வயதுள்ள அலுமினியத்தையும் வயர்களையும் சேர்த்தே வாங்குகிறோம். விற்பவருக்குச் சம்பந்தமில்லாத மெக்கானிக்கை வைத்து வாங்கும் முன் பரிசோதனை செய்யாமல் முன்பணம் கொடுக்கவே கூடாது. துரு இருக்கிறதா என்பதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். பெயின்ட் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது நிற்கும் இன்ஜினுக்கு வருகிறேன். பலர் "என் விமானம் அதிகம் ஓடவில்லை, இன்ஜின் புத்தம் புதிது மாதிரி" என்று விளம்பரம் கொடுக்கிறார்கள். எனக்கு அதைப் பார்த்தாலே சந்தேகம் வரும். என் இன்ஜினின் வகையில் வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் இருப்பது மேலே, ப்ரொப்பல்லரைச் சுழற்றும் தண்டான கிராங்க்ஷாஃப்ட்டுக்கு மேல். நின்றுபோன இன்ஜினில் ஆயில் கீழே வடிந்துவிடும். கேமின் மேல் மெல்லிய படலம் மட்டும் மிஞ்சும், அதுவும் நாளாக ஆகப் போய்விடும். ஈரம் உட்கார்ந்து துரு பிடிக்கும். பிறகு ஓட்டும்போது அந்தத் துருப் புள்ளிகள் தேய்ந்து, ஆயில் ஃபில்டரில் இரும்புத் துகள்களாக வந்து சேரும். கேமை மாற்ற வேண்டுமென்றால் இன்ஜினை இரண்டாகப் பிரிக்க வேண்டும். அந்த அளவுக்குப் போனால் ஓவர்ஹாலே செய்துவிடலாம்.

பறக்க நேரமில்லை என்று தரையிலேயே ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓடவிடுவது இன்னும் கெடுதல். எரிப்பில் உண்டாகும் நீராவி ஆயிலில் கலக்கிறது, அதை விரட்டும் அளவுக்கு ஆயில் சூடாவதில்லை. அரை மணி நேரமாவது வானில் பறந்து, ஆயில் 75 முதல் 90 டிகிரி செல்சியஸ் வரை சூடேறினால்தான் ஈரம் போகும். ஆயில் மாற்றுவதும் அப்படித்தான். 50 மணி அல்லது நாலு மாதம், எது முதலில் வருகிறதோ அது. பறக்காவிட்டாலும் நாலு மாதம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

இன்ஷூரன்சில் ஒரு விஷயம் மட்டும். விமானத்தின் மதிப்பைக் குறைத்துக் காட்டி பிரீமியத்தில் கொஞ்சம் மிச்சம் பிடிக்கத் தோன்றும். வேண்டாம். ப்ரொப்பல்லர் தரையில் லேசாக உரசினாலே இன்ஜினைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கும். அந்தச் செலவே குறைத்துக் காட்டிய மதிப்பை எட்டிவிட்டால், சரிசெய்யக்கூடிய விமானத்தையும் முழு இழப்பு என்று கணக்கு முடித்துவிடுவார்கள்.

ஹேங்கர் வாடகை கையைக் கடித்தாலும் நான் விடமாட்டேன். வெயில் பிளாஸ்டிக்கையும் ஜன்னலையும் தின்னும், காற்று இறக்கையின் அசையும் பாகங்களை ஆட்டி ஆட்டித் தேய்க்கும், பறவை இன்ஜின் மூடிக்குள் கூடு கட்டும்.

மேலே சொன்ன கணக்கை வைத்துத்தான் இரண்டு நண்பர்களைப் பங்காளிகளாகச் சேர்த்தேன். நிலையான 150 பங்கு மூன்றாகப் பிரிந்தால் ஆளுக்கு 50. ஒவ்வொருவரும் 40 மணி பறந்தால் மணிக்கு மூன்று பங்குக்குச் சற்று மேல்தான் வருகிறது. விமானமும் வருடத்துக்கு 120 மணி பறக்கிறது, இன்ஜின் ஆரோக்கியமாக இருக்கிறது. தனியாக வைத்திருந்தபோது வராத நிம்மதி இதில் வந்தது. ஆனால் எல்லாவற்றையும் எழுத்தில் போட வேண்டும். யார் எப்போது எடுப்பது, எதிர்பாராத ரிப்பேருக்கு எந்தத் தொகைக்கு மேல் மூவரின் சம்மதம் வேண்டும், ஒருவர் விலகினால் அவர் பங்கை எப்படி மதிப்பிடுவது, இன்ஷூரன்சில் எல்லார் பெயரும் இருக்கிறதா. நட்பை நம்பி வாய்மொழியாக விடக்கூடாத விஷயம் இது.

இவ்வளவு செலவுக்கும் என்ன கிடைக்கிறது? பயண நேரம் மிச்சம் என்று பெருமை பேச மாட்டேன். மேகம் தாழ்ந்துவிட்டால் பயணமே ரத்து, அதற்குத் தயாராக இருக்க வேண்டும். கிடைப்பது வேறு. இந்த இயந்திரத்தை எனக்கு முழுசாகத் தெரியும். எந்த ஆர்பிஎம்மில் எந்த அதிர்வு வரும், தீப்பொறி தரும் இரண்டு மேக்னெட்டோக்களில் எதில் ஓட்டினால் ஆர்பிஎம் எவ்வளவு குறையும், போன மாதத்தைவிட ஆயில் கூடுதலாகக் குடித்ததா என்று எனக்குத் தெரியும். வாடகை விமானத்தில் முன்னால் ஓட்டியவர் என்ன செய்தார் என்பது தெரியாமல் ஏறுகிறோம். என் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகும்போது இந்த வித்தியாசம் எனக்கு எந்தக் கணக்கையும்விடப் பெரிது.

இப்போது எங்கள் முன் இருப்பது இன்ஜின் ஓவர்ஹால். தயாரிப்பாளர் சொல்லும் வரம்பு 2000 மணி அல்லது 12 வருடம். மணி இன்னும் நிறைய மிச்சமிருக்கிறது, வருடம் நெருங்கிவிட்டது. சிலிண்டருக்குள் போர்ஸ்கோப் என்ற சின்னக் கேமராவை விட்டுப் பார்த்தோம், ஆயிலை ஆய்வகத்துக்கு அனுப்பினோம், எல்லாம் நன்றாகவே வந்திருக்கின்றன. சொந்தப் பயன்பாட்டுக்கு அந்த வரம்பு எங்களைக் கட்டுப்படுத்தாது என்பதால், இன்னும் ஒரு வருடம் ஓட்டிவிட்டு அடுத்த பரிசோதனையில் முடிவு செய்யலாம் என்று மூவரும் பேசியிருக்கிறோம். மணிக்கு 0.4 என்று ஒதுக்கி வந்த பணத்தைத் தனிக் கணக்கில் அப்படியே வைத்திருக்கிறோம். குறைவதை மூவரும் கையிலிருந்து போட வேண்டும் என்பதும் எழுத்தில் இருக்கிறது.