பழைய பத்திரிகைகளில் ‘டிக்கர்’: ட்ரோவ் தளம் எப்படி இருக்கிறது?

ஆஸ்திரேலிய தேசிய நூலகம் 2009 முதல் நடத்திவரும் ட்ரோவ் தளத்தில் பழைய செய்தித்தாள் படிக்கக் காசு வேண்டாம். 1803ஆம் ஆண்டின் ‘சிட்னி கெஜட்’ தொடங்கி, நாட்டின் பல ஊர்களிலிருந்து வந்த ஏடுகளைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து, சொல் கொடுத்தால் தேடித் தரும்படி வைத்திருக்கிறார்கள். நான் சென்னையில் ஒரு நாளேட்டில் பிழைதிருத்துநராக இருந்து ஓய்வுபெற்றவன். ஆஸ்திரேலியாவின் பழைய தங்கவயல் ஊரான பல்லாரட்டில் மகள் வீட்டுக்கு வந்ததிலிருந்து என் காலைப்பொழுது இந்தத் தளத்தில்தான் கழிகிறது.

இந்த நாட்டில் ‘டிக்கர்’ (digger, தோண்டுபவர்) என்றால் ராணுவ வீரர். போர்வீரர்களை நினைவுகூரும் ஏப்ரல் 25, அன்ஸாக் நாளில் பதக்கங்களோடு நடந்துவரும் முதியவர்களை மதிப்போடு அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் பல்லாரட்டின் பழைய கதைகளில் டிக்கர் என்பவர் தங்கம் தேடி மண்ணைத் தோண்டியவர். இந்தப் பெயர் எப்போது கைமாறியது என்று பத்திரிகைகளிலேயே பார்க்க விரும்பினேன்.

அதற்கு ட்ரோவ் தரும் நல்ல கருவி, முடிவுகளைப் பத்தாண்டு பத்தாண்டாகப் பிரிக்கும் வசதி. 1850களைத் தேர்ந்தெடுத்து மெல்போர்னின் ‘ஆர்கஸ்’ ஏட்டைத் திறந்தேன். 1851இல் தங்கம் கிடைத்த செய்தி பரவியதும் ஊரே பள்ளம் தோண்டப் போய்விட்ட காலம் அது. ஒரு பத்தியில் டிக்கர், தங்கம் தோண்ட மாதம் 30 ஷில்லிங் உரிமக் கட்டணம் கட்ட முடியாமல் திண்டாடும் உழைப்பாளி. இன்னொரு பத்தியில், திடீர்ப் பணத்தில் குதிரை வண்டி அமர்த்தி, ஷாம்பெயின் ஊற்றிக் கல்யாணம் செய்துகொள்ளும் ஊதாரி. 1854 டிசம்பர் 3 அன்று, உரிமக் கட்டணத்தை எதிர்த்து டிக்கர்கள் பல்லாரட்டில் எழுப்பிய யுரேகா அரணில் படையினர் சுட்டதில் டிக்கர்கள் 20 பேருக்கு மேல் செத்தார்கள். அவர்களுக்காக எழுதிய ‘பல்லாரட் டைம்ஸ்’ ஆசிரியர் ஹென்றி சீகாம்ப் ராஜதுரோக வழக்கில் சிறைக்குப் போனார். அவர் மனைவி கிளாரா பத்திரிகையை நடத்தினார். இதையெல்லாம் தெரிந்துகொண்டு அந்தப் பக்கங்களைப் படித்தால், டிக்கர் என்று எழுதும் கை யார் பக்கம் நிற்கிறது என்பது வரிக்கு வரி தெரிகிறது.

பிறகு 1917ஐ ஒட்டிய இதழ்களுக்குத் தாவினால் டிக்கர் முதல் உலகப் போர்முனையில் இருக்கிறார். 1919இல் தொடங்கிய ‘ஸ்மித்ஸ் வீக்லி’யை டிக்கர்களின் பைபிள் என்றே சொல்வார்கள். அன்றைய பிரதமர் பில்லி ஹியூஸுக்குக்கூட ‘லிட்டில் டிக்கர்’ என்று பட்டம் கிடைத்துவிட்டது. அரசாங்கம் சுட்ட ஆட்களின் பெயரை ஒரு பிரதமர் பெருமையாகச் சுமக்கிறார். எனக்கு மெய்சிலிர்த்த இடம் இது.

ஒரு எச்சரிக்கை. விளம்பரப் பிரிவை விலக்காமல் தேடினால் உருளைக்கிழங்கு தோண்டும் இயந்திரங்கள் வந்து குவியும். வகை வாரியாக வடிகட்டிக்கொள்ளுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது திருத்தும் வசதி. ஒரு பக்கம் அசல் அச்சுப் படம், மறுபக்கம் கணினி படித்தெடுத்த வரிகள். தவறு கண்டால் நாமே திருத்திச் சேமிக்கலாம். ஆரம்பகால சிட்னி கெஜட்டில் ‘எஸ்’ எழுத்து நீண்டு ‘எஃப்’ போல இருப்பதால் கணினி நிறையவே தடுமாறியிருக்கிறது. இங்கே விதி, அச்சில் உள்ளதை உள்ளபடியே தருவது. பத்திரிகைக்காரர் விட்ட பிழையைத் தொடக்கூடாது. வேலைக்காலம் முழுவதும் பிழையைக் களைந்த எனக்கு, அன்றைய அச்சுக்கோப்பவரின் பிழையைக் காப்பாற்றும் இந்தப் பொறுப்பு மிகவும் மதிப்புக்குரியதாகப் படுகிறது. கணினி தவறாகப் படித்து, இன்னும் திருத்தப்படாத சொல் தேடலில் சிக்காது. ஆகவே, தளம் காட்டும் முடிவுகளின் எண்ணிக்கையை வைத்துச் சொல்லின் செல்வாக்கை அளக்காதீர்கள், கட்டுரைகளைப் படியுங்கள்.

வேறொரு கட்டணக் காப்பகத்தில் பணம் கட்டியும் தனிக் கட்டுரைதான் கண்ணில் பட்டது. ட்ரோவில் முழுப் பக்கத்தையும் விரித்துப் பார்க்கலாம். 2023இல் இதன் நிதி கேள்விக்குறியானபோது, அரசு நான்கு ஆண்டுகளுக்கு 33 மில்லியன் டாலர் ஒதுக்கிக் காப்பாற்றியது. பெரும்பாலான ஏடுகள் பதிப்புரிமை காரணமாக 1954உடன் நின்றுவிடுகின்றன என்பது ஒரு குறை. வியட்நாம் போர்க்கால டிக்கரைத் தேடுபவர்கள், 1995 வரை கிடைக்கும் ‘கான்பெரா டைம்ஸ்’ போன்ற சிலவற்றைத்தான் நம்ப வேண்டும்.