மாஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியின் கேஸ் ரெக்கார்ட்ஸ்: சந்தா கட்டிப் படிக்கலாமா?

54 வயது கட்டடத் தொழிலாளி ஒருவர் துரித உணவுக் கடையில் இருக்கும்போது திடீரென்று சரிந்து விழுகிறார், இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றுபோகிறது. இந்த வயதில் இப்படி ஒருவர் வந்தால் மாரடைப்பு என்றுதான் கேஸ் ஷீட்டில் முதல் வரி எழுதுவோம். ஆனால் இதயத் துடிப்பைச் சீராக வைக்கிற பொட்டாசியம் ரத்தத்தில் தரைதட்டிக் கிடக்கிறது. ஏன் என்று தோண்டிக்கொண்டே போனால் கடைசியில் வந்து நிற்கும் இடம் ஒரு மிட்டாய் பாக்கெட். தினமும் ஒன்றிரண்டு பெரிய பாக்கெட் மிட்டாய் தின்கிற மனிதர், மூன்று வாரத்துக்கு முன்புதான் பழச்சுவை மிட்டாயை விட்டுவிட்டுக் கறுப்பு லிக்கரைஸ் மிட்டாய்க்கு மாறியிருக்கிறார். லிக்கரைஸ் வேறொன்றுமில்லை, நம்மூர் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிற அதிமதுரம்தான்.

பாஸ்டனில் இருக்கிற மாசசூசெட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரி, சுருக்கமாக மாஸ் ஜெனரல், ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியின் போதனா மருத்துவமனை. அங்கே வருகிற சிக்கலான கேஸ்களை எடுத்து நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் 'கேஸ் ரெக்கார்ட்ஸ்' என்ற பெயரில் வருஷத்துக்குச் சுமார் 40 போடுகிறார்கள். மேலே சொன்னது 2020 செப்டம்பரில் வந்தது. நான் மெடிசின் வார்டில் பி.ஜி.க்களோடு மல்லுக்கட்டுகிறவன், இந்தப் பகுதியை நெடுநாளாகப் படித்து வருகிறேன். "சார், இதுக்குச் சந்தா கட்டலாமா?" என்று பசங்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். படிக்க வேண்டும். சொந்தக் காசைப் போட வேண்டுமா என்பது வேறு கேள்வி, அதற்குப் பிறகு வருகிறேன்.

அமைப்பு எப்படி என்றால், முதலில் நோயாளியைப் பார்த்த டாக்டர் கதையைச் சொல்வார். என்ன தொந்தரவு, எத்தனை நாளாக, வீட்டில் யார், என்ன வேலை, எங்கே போய் வந்தார், பரிசோதனையில் என்ன, ரத்தத்தில் என்ன, ஸ்கேனில் என்ன. இங்கே கதை அறுந்து நிற்கும். அடுத்து இன்னொரு மருத்துவர் வந்து இந்தத் தகவலை மட்டும் வைத்துக்கொண்டு எது இருக்கலாம், எது இருக்க முடியாது என்று உரக்க யோசிப்பார், கடைசியில் இதுதான் என்று ஒன்றின் மேல் கையை வைப்பார். அப்புறம் பெத்தாலஜிக்காரரோ லேப்காரரோ உண்மை விடையைப் போட்டு உடைப்பார். சிகிச்சை என்ன கொடுத்தார்கள், ஆள் என்ன ஆனார் என்பதோடு முடியும்.

இந்த முறை நூறு வருஷத்துக்கும் மேல் பழசு. 1900-இல் வால்ட்டர் கேனன் என்ற ஹார்வர்டு மருத்துவ மாணவர், சட்டக் கல்லூரியில் வழக்குகளை வைத்தே பாடம் நடக்கிறதே, நாமும் அப்படிப் படித்தால் என்ன என்று எழுதினார் (பின்னாளில் உடலியங்கியலில் பெரிய பெயர் எடுத்த அதே கேனன்தான்). மாஸ் ஜெனரலில் ரிச்சர்ட் காபாட் அதைப் பிடித்துக்கொண்டு 1910 வாக்கில் கூட்டமே நடத்த ஆரம்பித்தார். இந்தக் காபாட் லேசுப்பட்ட ஆள் இல்லை. 1912-இல் மூவாயிரம் பிரேதப் பரிசோதனைகளை எடுத்துவைத்து, உயிரோடு இருந்தபோது டாக்டர்கள் சொன்ன நோய் எது, உள்ளே உண்மையில் இருந்தது எது என்று ஒப்பிட்டுக் காட்டி, சக டாக்டர்களின் பகையைத் தேடிக்கொண்டவர். அந்தக் கறார்த்தனம் இன்றைக்கும் இந்தப் பக்கங்களில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. ஊருக்கே பெரிய டாக்டர் தப்பாக யூகித்தாலும் தப்பு தப்பு என்று அச்சில் வந்துவிடும்.

என் கணக்கில் காசு பெறுவது அந்த நடுப்பகுதிதான், உரக்க யோசிக்கிற இடம். அதிமதுரக் கேஸையே எடுத்துக்கொள்வோம். பொட்டாசியம் குறைய வழி மூன்றுதான்: உள்ளே போவது குறைய வேண்டும், ரத்தத்திலிருந்து செல்லுக்குள் ஒளிந்துகொள்ள வேண்டும், இல்லை வெளியே போக வேண்டும். வெளியே என்றால் குடல் வழியா, சிறுநீர் வழியா? சிறுநீர் வழியாக என்றால் ஆல்டோஸ்டீரோன் ஹார்மோன் கூடியிருக்கிறதா, அல்லது வேறு ஏதோ ஒன்று அந்த ஹார்மோன் வேஷம் போடுகிறதா? அந்த வேஷக்காரன் நம் உடம்பிலேயே ஏராளமாக இருக்கிற கார்ட்டிசால் என்ற இன்னொரு ஹார்மோன். சாதாரணமாகச் சிறுநீரகத்தில் ஒரு நொதி கார்ட்டிசாலை உடனுக்குடன் செயலிழக்க வைத்துவிடும். அதிமதுரத்தில் இருக்கும் கிளிசரைசின் அந்த நொதியின் கையைக் கட்டிப்போடுகிறது. உடனே கார்ட்டிசால் ஆல்டோஸ்டீரோனின் நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது, உப்பு உடம்பில் தங்குகிறது, பி.பி. ஏறுகிறது, பொட்டாசியம் சிறுநீரில் போய்க்கொண்டே இருக்கிறது, ஒரு நாள் இதயம் தடம் புரள்கிறது. பாடப்புத்தகத்தில் இதெல்லாம் ஒரு பட்டியலின் கடைசி வரியில் 'லிக்கரைஸ்' என்று ஒற்றைச் சொல்லாகக் கிடக்கும், பரீட்சைக்கு மனப்பாடம் செய்து மறுநாள் மறந்துவிடுவோம். இங்கே அந்த வரிக்கு ஒரு ஆளும் ஒரு மிட்டாய் பாக்கெட்டும் கிடைத்துவிடுவதால் மறக்காது. 40 வயதுக்கு மேற்பட்டவர் தினம் 2 அவுன்ஸ், அதாவது சுமார் 57 கிராம் கறுப்பு லிக்கரைஸை இரண்டு வாரம் தின்றாலே இதயத் துடிப்பில் கோளாறு வரலாம் என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரித்திருக்கிறது. தொண்டைக்கட்டுக்கு ஒரு துண்டு வாயில் அடக்குகிறவர்கள் பயப்பட வேண்டாம். ஆனால் பி.பி. கூடி, பொட்டாசியம் குறைந்து, காரணம் பிடிபடாமல் ஒருவர் வந்தால் என்ன கஷாயம், என்ன சூரணம் என்று நான் கேட்காமல் விடுவதில்லை.

புதிதாக வந்தவற்றில் எனக்குப் பிடித்தது 2025 பிப்ரவரியில் வந்த ஒன்று. 30 வயதுப் பெண், பாதத்தில் எரிச்சல், அது கால் வழியாக மேலே ஏறுகிறது, அப்புறம் தலைவலி. ரத்தத்தில் ஈசினோஃபில் (அலர்ஜியிலும் புழுத் தொற்றிலும் கூடுகிற ஒரு வகை வெள்ளை அணு) கூடியிருக்கிறது. தாய்லாந்து, ஜப்பான், ஹவாய் என்று சுற்றிவிட்டு வந்தவர். முதுகில் ஊசி போட்டு மூளைத் தண்டுவட நீரை எடுத்தால் அதிலும் ஈசினோஃபில். எலி நுரையீரல் புழு! நத்தையிலும் நத்தை ஊர்ந்த கீரையிலும் இருந்து வருவது. பயணத்தில் எங்கே என்ன சாப்பிட்டார் என்று ஊர் ஊராக விசாரித்து, ஹவாயில் தின்ற சாலட்டில் போய் விரலை வைக்கிற அந்தப் பத்திகளை நம் ஹவுஸ் சர்ஜன் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். "டயட்: மிக்ஸட்" என்று ஒற்றை வார்த்தையில் கேஸ் ஷீட்டை முடிக்கிற பழக்கம் அதற்குப் பிறகாவது போகிறதா பார்ப்போம்.

சரி, குறைகள். முதல் குறை சின்னது, ஆனால் எரிச்சலூட்டுவது. சமீப காலமாகப் பல கேஸ்களில் யோசிக்க வருகிற டாக்டர் எடுத்த எடுப்பில் "இந்த நோயாளிக்குச் சிகிச்சை அளித்தவர்களில் நானும் ஒருவன், முடிவு எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிடுகிறார். நேர்மை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விடை தெரிந்த பிறகு யோசிக்கும்போது பாதை தானாக நேராகிவிடுகிறது, தப்பான சந்துக்குள் நுழைந்து திரும்பி வருகிற பகுதி காணாமல் போகிறது. நாம் படிக்க வேண்டியதே அந்தச் சந்துகளைத்தான்.

பெரிய குறை வேறு. அங்கே அபூர்வம் என்பது பாஸ்டனுக்கு அபூர்வம். 2021 நவம்பரில் ஒரு கேஸ் போட்டார்கள்: 38 வயது ஆள், விடிகாலையில் தரையில் கிடந்து நடுங்கிக்கொண்டு ஏதேதோ உளறுகிறார், பிறகு வலிப்பு. குவாத்தமாலா கிராமத்திலிருந்து இருபது வருஷம் முன்பு அமெரிக்கா வந்தவர். விடை: நியூரோசிஸ்டிசர்கோசிஸ், மூளையில் நாடாப்புழுவின் கூடு. பத்திரிகைகளெல்லாம் ஆச்சரியமாக எழுதின. நம் பக்கத்து நியூராலஜி ஓ.பி.யில் இதைச் சொன்னால் டீ கொண்டு வருகிற பையன்கூட நிமிர்ந்து பார்க்க மாட்டான். பன்றிக்கறியே தொடாதவர்களுக்கும் வரும், ஏனென்றால் இந்தக் கூடு வருவது புழுவின் முட்டை கலந்த தண்ணீராலும் கையாலும்.

இங்கேதான் வேலூர் சி.எம்.சி.யின் வேலையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வலிப்போடு வந்தவருக்கு சி.டி. எடுத்தால் மூளையில் ஒரே ஒரு சின்ன வளையம் தெரியும். ஒரு காலத்தில் இங்கே அதைப் பார்த்ததும் டி.பி. கட்டி என்று மாதக்கணக்கில் டி.பி. மாத்திரை எழுதிவிடுவார்கள். வேலூரில் வேதாந்தம் ராஜசேகரும் மேத்யூ சாண்டியும் அப்படிப்பட்ட வளையங்களை வரிசையாக ஆராய்ந்து, பெரும்பாலானவை புழுக்கூடுதான் என்று காட்டினார்கள். எப்போது கத்தியும் வேண்டாம், டி.பி. மருந்தும் வேண்டாம் என்று முடிவு செய்ய ஒரு அளவுகோலும் வகுத்தார்கள்: ஒரே கட்டி, 20 மில்லிமீட்டருக்கு மேல் போகாதது, மண்டைக்குள் அழுத்தம் கூடிய அறிகுறி இல்லை, நாளுக்கு நாள் மோசமாகும் கைகால் பலவீனம் இல்லை, உடம்பில் வேறெங்கும் நோய் இல்லை, இப்படி. இதைப் பரிசோதித்து உறுதிசெய்த கட்டுரை 1997-இல் வந்தது. எத்தனை பேர் மண்டை ஓட்டைத் திறக்காமல் வீட்டுக்குப் போயிருப்பார்கள்! பாஸ்டன் பக்கங்களில் இந்த வகை வேலை கிடைக்காது. ஒரு கேஸை எப்படி அவிழ்ப்பது என்று அவர்கள் சொல்லித் தருவார்கள், ஆனால் பத்து பேருக்கு என்ன செய்வது என்று முடிவெடுக்க அந்தப் பத்து பேரையும் வரிசையாக உட்கார வைத்துப் பார்த்த ஒருவர் வேண்டும்.

ஒற்றைக் கேஸ் குறிப்பே வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. 1981 ஜூன் 5 அன்று லாஸ் ஏஞ்சலஸிலிருந்து வந்த குறிப்பில் இருந்தது ஐந்தே ஐந்து இளைஞர்கள், நல்ல உடம்புக்காரர்களுக்கு வரக்கூடாத ஒரு நிமோனியா. அதுதான் எய்ட்ஸ் பற்றிய முதல் அச்சுப் பதிவு. இந்தியாவில் 1986-இல் அதைக் கண்டுபிடித்ததும் ஒரு போதனா மருத்துவமனைதான். சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமன் வழிகாட்ட, நிர்மலா என்ற முதுகலை மாணவி தன் ஆய்வேட்டுக்காக ரத்த மாதிரி சேகரித்து, வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோய்ச் சோதித்தார்கள், ஆறு மாதிரிகளில் எச்.ஐ.வி. இருந்தது. ஆனால் ஐந்து பேரின் கதை மணியடிக்கத்தான் உதவும். எத்தனை பேருக்கு வரும், எந்த மருந்து கேட்கும் என்பதை அதிலிருந்து எடுக்க முடியாது. பி.ஜி.க்களிடம் நான் பார்க்கிற வியாதியே இதுதான், ஒரு கேஸ் ரெக்கார்டைப் படித்துவிட்டு வந்த மறுநாள் ரவுண்ட்ஸில் சாதாரணக் காய்ச்சலுக்கெல்லாம் வாஸ்குலைட்டிஸ் (ரத்தக்குழாய் அழற்சி) டெஸ்ட் எழுதுகிறார்கள், இடுப்பு மடிப்பில் உண்ணிக்காய்ச்சலின் கறுத்த தழும்பு இருக்கிறதா என்று துணியை விலக்கிப் பார்க்காமலே.

இப்போது கம்ப்யூட்டரும் இந்தப் போட்டியில் இறங்கியாயிற்று. 1982-லேயே நோயைக் கணிக்கிற இன்டர்னிஸ்ட்-1 என்ற புரோகிராமை இந்தக் கேஸ்களில் 19-ஐக் கொடுத்துச் சோதித்தார்கள். 2023-இல் ஜி.பி.டி.-4 என்ற செயற்கை நுண்ணறிவுக்கு 70 கேஸ் கொடுத்தபோது முதல் விடையே சரியாக இருந்தது 39 சதவீதத்தில், அது போட்ட பட்டியலுக்குள் எங்கேயாவது சரியான விடை இருந்தது 64 சதவீதத்தில். 2025-இல் ஹார்வர்டுக்காரர்கள் செய்த 'டாக்டர் காபாட்' என்ற செயற்கை நுண்ணறிவின் யோசனையை மனித டாக்டருடையதோடு சேர்த்தே ஜர்னல் வெளியிட்டது. பெயர் வைத்தது ரசிக்கத்தக்கது. ஆனால் அந்த மெஷினுக்குக் கிடைத்தது ஏற்கெனவே ஒரு நல்ல டாக்டர் கேட்டு, தடவி, வடிகட்டி எழுதிய கதை. மிட்டாய் விஷயத்தை வீட்டாரிடமிருந்து கறந்தது யாரோ ஒரு மனுஷன் என்பதை மறந்துவிட வேண்டாம்.

காசு விஷயம். தனிநபர் சந்தா ஒரு பி.ஜி.யின் உதவித்தொகைக்கு கனமாகத்தான் இருக்கும், இந்த ஒரு பகுதிக்காகக் கட்டச் சொல்ல மாட்டேன். கல்லூரி நூலகத்தில் வருகிறதா என்று முதலில் விசாரியுங்கள். பல பேருக்குத் தங்கள் கல்லூரியில் ஆன்லைன் அனுமதி இருப்பதே தெரியாமல் கடைசி வருஷம் வந்துவிடுகிறது. துறையில் நாலு பேர் சேர்ந்து வாரம் ஒரு கேஸ் என்று உட்கார்ந்தால் உத்தமம்: ஒருவர் கதையை மட்டும் படிக்கட்டும், ஸ்கேன் படத்தைக் காட்டட்டும், மற்றவர்கள் தங்கள் டிஃபரன்ஷியலை, அதாவது எந்தெந்த நோயாக இருக்கலாம் என்ற பட்டியலை, தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் பக்கத்தைப் புரட்டட்டும். கையெழுத்து முக்கியம், இல்லாவிட்டால் விடை வந்ததும் எல்லாரும் "நானும் அதைத்தான் நினைத்தேன்" என்பார்கள்.

டாக்டர் அல்லாதவர்கள் படிக்கலாமா என்று கேட்டால், ஆங்கிலமும் பொறுமையும் இருந்தால் கதைப் பகுதி வரை தாராளமாகப் படிக்கலாம், அதற்கு மேல் லேப் அட்டவணை வழி மறிக்கும். தனக்கு ஏதோ உடம்பு சரியில்லை என்று நோய் தேடுகிறவர்கள் மட்டும் இந்தப் பக்கமே வர வேண்டாம். ஒவ்வொரு தலைவலிக்கும் ஒரு புழு கிடைக்கும்.